ஆகாயத்தில் உடம்புக்கு முடியாமல் போனால்: மலையகப் பயணிகள் கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டு வருடங்கள் விமானப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவள் நான். இப்போது தம்பியின் டிக்கெட் கடையில் பின்மேசை என்னுடையது. முன்மேசையில் காசைக் கட்டிவிட்டு, பின்மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தித்தான் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகும் தாத்தாவும் கேட்கிறார், குவைத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணும் கேட்கிறார். நான் வைத்தியர் அல்ல. குளிசையின் அளவைக் கூட்டு, குறை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்கு உங்கள் கிளினிக் வைத்தியர் இருக்கிறார். கதவை மூடிய பிறகு விமானத்துக்குள் என்ன நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா நுவரெலியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பிரஷர் இருக்கிறது. விமானம் பறக்கும் உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கு அந்த உயரம் தெரியாது. காற்றை அழுத்தி, 6,000 முதல் 8,000 அடி வரையான ஒரு மலையில் நிற்பது போன்ற நிலையில் வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரமே ஏறக்குறைய 6,100 அடி. பிதுருதலாகல உச்சி 8,281 அடி. ஆகவே அம்மா பயணம் முழுவதும் தன் ஊருக்கும் பிதுருதலாகலவுக்கும் இடையில் எங்கோ உட்கார்ந்திருக்கப் போகிறார், அவ்வளவுதான். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் 6,000 அடியளவில் நிறுத்திவிடுவார்கள். அது நுவரெலியா பஸ் நிலையமேதான். கொழும்புக்காரருக்குத்தான் அது மலையேற்றம்.

கட்டுப்பாட்டில் இருக்கும் பிரஷர் ஒரு தடை அல்ல. ஆனால் 8,000 அடியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நல்ல உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் அந்தக் குறை உடனே தெரியும். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படிகளில் நின்று நின்று மூச்சு வாங்குகிறவராக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் நம் ஆட்கள் ஏன் விமானத்தில் மயங்கி விழுகிறார்கள்?

விமானம் ஏறும் முன்பே பாதி மயக்கம் வந்துவிடுகிறது என்பதுதான் என் பதில்.

அதிகாலை விமானத்துக்கு முந்தைய நாள் மாலையே வேன் புறப்படும். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் வாந்தி வரும் என்று பயந்து பகல் சாப்பாட்டைத் தவிர்த்திருப்பார்கள். வழியில் கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுத் தண்ணீரும் குடித்திருக்க மாட்டார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் புழுக்கம். மூன்று, நான்கு மணித்தியாலம் வரிசை. வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து அழுகை வேறு. பிறகு காலைத் தொங்கவிட்டபடி இறுக்கமான இருக்கையில் தூக்கம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. இத்தனைக்கும் பிறகு கழிப்பறைக்குப் போகச் சட்டென்று எழுந்தால் இரத்தம் காலில் நின்றுவிடுகிறது, தலைக்குப் போவதில்லை.

இது நம்மவர்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. ஐந்து விமான நிறுவனங்களில் 2008 முதல் 2010 வரை நடந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்து 2013இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 604 பறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் அவசரம் வந்திருக்கிறது. அதில் 37 சதவீதம் மயக்கமும் மயக்கம் வரும் நிலையும்தான். மூச்சுத் தொல்லையும் வாந்தியும் அதற்கு வெகு பின்னால்.

மருந்து எளியது. வேன் ஏறும் முன் கொஞ்சம் சோறோ ரொட்டியோ சாப்பிடுங்கள். வாந்தி எடுத்திருந்தால் உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூள் ஒரு பைக்கற்றைக் கரைத்துக் குடியுங்கள். இருக்கையிலிருந்து எழும் முன் காலை இருபது தடவை மடக்கி நீட்டுங்கள். வழியிலேயே யாருக்காவது உடம்பு மோசமானால் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஓட்டிக்கொண்டு போகாமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

மயக்கம் வருவது போல இருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கழிப்பறைக்குப் போகாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்கிறேன். வியர்த்து, குமட்டி, கண் இருட்டினால் எல்லோரும் எழுந்து ஓடுவது அங்கேதான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்தால் தலை இடிபடும். நாங்கள் வந்து கண்டுபிடிக்க நேரமும் ஆகும். அந்தக் கதவை வெளியிலிருந்து எங்களால் திறக்க முடியும். ஆனால் கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் விழுந்து கிடந்தால் திறந்தும் பயனில்லை.

இருந்த இடத்திலேயே மணியை அழுத்துங்கள். தலைக்கு மேலேயோ கைப்பிடியிலோ மனித உருவம் வரைந்த பொத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். நாங்கள் வந்து, இடம் கிடைத்தால் தரையில் படுக்க வைத்து, காலைப் பயணப்பை ஒன்றின் மேல் உயர்த்தி வைப்போம். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் முகத்தில் இரத்தம் திரும்பிவிடும்.

வளைகுடாவிலிருந்து திரும்பும் ஒரு விமானத்தில், நடுநிசி தாண்டிய நேரம். விளக்குகளை அணைத்திருந்தோம். பின்வரிசைப் பக்கமாக நடந்தபோது, வலிக்குப் பூசும் சித்தாலேப வாசம் வந்தது. ஊர் வாசமாயிற்றே என்று நின்றேன். ஜன்னலோரம் மஸ்கெலியா பக்கத்து அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சேலைத் தலைப்புக்குள் கையை விட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "சாப்பாடு கொடுத்த நேரத்திலிருந்து, பிள்ளை" என்றார். அது இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பு. ஏன் மணியை அழுத்தவில்லை என்றேன். அழுத்தினால் காசு கேட்பார்கள் என்று நினைத்தாராம்.

மணிக்குக் காசில்லை. ஒட்சிசனுக்கும் விமானத்து மருந்துக்கும் கூடப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை.

நெஞ்சு வலி என்று சொன்னால் பணியாளர்கள் என்ன செய்வார்கள்?

அந்த அம்மாவுக்குச் செய்ததையே சொல்கிறேன். ஒருத்தி அவரை விட்டு நகராமல் இருந்தாள். இன்னொருத்தி ஒட்சிசன் சிலிண்டரையும் பெட்டிகளையும் கொண்டுவந்தாள். மூன்றாமவர் விமானிக்குச் சொன்னார். இந்த மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும், பயிற்சியில் மனப்பாடமாக்கிவிடுவார்கள்.

விமானி தரையிலிருக்கும் வைத்தியர்களோடு தொடர்பு எடுப்பார். பல நிறுவனங்கள் இதற்கென்றே ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அரபிக்கடலுக்கு மேலிருக்கும் நோயாளியைப் பற்றிக் கேட்கும் மெட்லிங்க் சேவை அப்படிப்பட்டது. வயது, வலி தொடங்கிய நேரம், வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, என்ன குளிசை குடிக்கிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். பிறகு அஸ்பிரின் கொடு, இதைக் கொடுக்காதே என்று சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தோம். கட்டுநாயக்காவில் இறங்க நாற்பது நிமிடம் இருந்தது. அம்புலன்ஸ் ஓடுபாதை ஓரமே காத்திருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வேலையில் அது ஒரு குறை. இறக்கிவிட்ட பிறகு கதை நமக்குக் கிடைப்பதில்லை.

சித்தாலேபவைக் குறை சொல்லவில்லை, தலையிடிக்கு நானும் பூசுகிறவள்தான். வியர்வையோடு வரும் நெஞ்சு வலிக்கு அது மருந்தல்ல.

விமானத்தில் என்னென்ன இருக்கும்?

இரண்டு வகைப் பெட்டிகள். முதலுதவிப் பெட்டியை நாங்களே திறப்போம். கட்டுத்துணி, களிம்பு, அந்த வகை. பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திருப்பார்கள். மற்றது மருத்துவப் பெட்டி. பிரஷர் பார்க்கும் கருவி, ஸ்டெதஸ்கோப், ஊசிகள், அட்ரினலின், நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சு வலி மருந்து, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சீனி இறங்கினால் ஏற்றும் குளுக்கோஸ் எல்லாம் அதில் இருக்கும். வைத்தியரோ தாதியோ இருந்தால், அல்லது தரையிலிருந்து வைத்தியர் சொன்னால்தான் அதில் கை வைப்போம்.

இதயம் தாளம் தப்பித் துடித்துச் சாய்ந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் உண்டு. அமெரிக்க நிறுவனங்களுக்கு 2004 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மற்ற நாடுகளின் பெரிய நிறுவனங்களும் பெரும்பாலும் வைத்திருக்கின்றன. நோயாளிக்கு மின்னதிர்ச்சி தேவையா என்பதைக் கருவியே பார்த்துச் சொல்லும்.

இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, நீங்கள் தினமும் குடிக்கும் குளிசை இல்லை. ஒட்சிசன் சிலிண்டர் அவசரத்துக்குத்தான். நாள் முழுவதும் ஒட்சிசன் தேவைப்படுகிறவர் முன்கூட்டியே நிறுவனத்திடம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

உடனே பக்கத்து விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்களா?

பஸ்ஸை நிறுத்துவது போல என்று நினைத்துக் கேட்கிறார்கள். நான் சொன்ன ஆய்வில் 7 சதவீத அவசரங்களுக்குத்தான் விமானம் திசை திருப்பப்பட்டது. அந்த உயரத்திலிருந்து இறங்கவே இருபது, முப்பது நிமிடம் தேவை. கட்டுநாயக்காவிலிருந்து துபாய்க்குப் போகும் பாதையில் பெரும்பகுதி கடல். கொச்சியைத் தாண்டிய பிறகு மும்பையா, மஸ்கட்டா, அல்லது போகிற இடத்துக்கே போவதா என்று விமானி பார்க்க வேண்டும். புறப்பட்ட சிறிது நேரத்தில் என்றால் எரிபொருளின் எடையோடு இறங்கும் சிக்கலும் உண்டு. இறங்கும் ஊரில் நல்ல இதய வைத்தியசாலை இருக்கிறதா என்பதும் கேள்வி. சின்ன ஊரில் அவசரமாக இறக்கிவிட்டு, அங்கே கவனிக்க ஆளில்லை என்றால் என்ன பயன்?

தரை வைத்தியர் ஆலோசனை சொல்வார், விமானத்தில் இருக்கும் டாக்டர் கருத்துச் சொல்வார், முடிவு தலைமை விமானியுடையது. சொந்தக்காரர்கள் சத்தம் போட்டு அது மாறுவதை நான் பார்த்ததில்லை. இறக்கப்படும் நாட்டில் வைத்தியசாலைச் செலவு பொதுவாகப் பயணியின் பக்கம் வரும். பயணக் காப்புறுதி அதற்குத்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போகிறவர்கள், தங்கள் காப்புறுதி எவற்றுக்கெல்லாம் செல்லும் என்று பதியும்போதே கேட்டு வையுங்கள்.

எனக்குத் தமிழும் கொஞ்சம் சிங்களமும்தான். என்ன நோவு என்று எப்படிச் சொல்வது?

கையால் சொல்லலாம். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து முகத்தைச் சுளித்தால் எந்த நாட்டுப் பணிப்பெண்ணுக்கும் புரியும். இலங்கைப் பணியாளர் இருந்தால் "பப்புவ ரிதெனவா" என்றால் போதும். மற்றவர்களிடம் "செஸ்ட் பெயின்". பயப்படாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் தமிழில் கேளுங்கள். வளைகுடா விமானங்களில் நான்கு வரிசைக்குள் தமிழ் தெரிந்த ஒருவர் இல்லாமல் நான் பறந்ததே இல்லை.

இதைவிட நல்லது ஒரு துண்டுக் கடதாசி. பெயர், வயது, நோய், குடிக்கும் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் படித்த பிள்ளை ஒருவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். எங்கள் கடைக்கு வந்தால் நானே எழுதித் தருகிறேன்.

மருந்துகளை எங்கே வைப்பது?

கையில் கொண்டுபோகும் பையில். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் விமானம் பறக்கும்போது அதை எடுக்க வழியில்லை, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அங்கேயும் மருந்தில்லை. இன்சுலின் கீழ்ப்பகுதியில் உறைந்தும் போகலாம்; உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. திரவ மருந்துக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைக்கும், வைத்தியரின் கடிதம் இருந்தால் பேச்சு இல்லை.

நம்மிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, பேனாவால் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லா உறையையும் ஒரு பால்மா டின்னில் கொட்டி வைப்பது நம் வழக்கம். வெள்ளை வட்டக் குளிசை ஐந்து வகை கலந்து கிடந்தால், மயங்கிக் கிடப்பவர் எதைக் குடித்தார் என்று தரை வைத்தியருக்கு நான் எப்படிச் சொல்வேன்? உறைகளைக் கலக்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் கைப்பையில் வையுங்கள், கடைசி இரண்டு பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்தும் வையுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. டிரமடோல், கோடீன், டயஸிபாம் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்தது அங்கே வழக்காகலாம். அனுமதி வாங்காமல் கொண்டுபோகாதீர்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பும் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

சீனி வியாதிக்காரர் எதைக் கவனிக்க வேண்டும்?

சாப்பாடு கண்ணுக்கு முன் வந்த பிறகுதான் ஊசி. விமானம் தாமதமாகும், குலுக்கல் வந்தால் சாப்பாட்டு வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்து சீனி இறங்கி நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விரத நாளில் பயணம் என்றால் விரதத்தை அன்றைக்கு விட்டுவிடலாம், சாமி கோபிக்காது. டொஃபியோ குளுக்கோஸ் பிஸ்கட்டோ சட்டைப்பையில் இருக்கட்டும். லண்டன், மெல்பேர்ன் போன்ற நீண்ட பயணத்தில் நேரம் மாறும். ஊசியின் நேரத்தைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எப்போது வைத்தியரின் கடிதம் தேவை?

கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு கடிதம் கேட்கும். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம், இரட்டை என்றால் 32 வாரம் வரைதான் ஏற்றும். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், சத்திரசிகிச்சை என்றால் மெடிஃப் என்ற படிவத்தை வைத்தியரிடம் நிரப்பி வாங்கி, இரண்டு மூன்று நாளுக்கு முன் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏன் காத்திருக்க வேண்டும் என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் பொரியல் பைக்கற்றைக் காட்டுவேன். கொழும்பில் அடைத்த பைக்கற் நுவரெலியாக் கடையில் எப்படி உப்பித் தொங்குகிறது? வயிற்றுக்குள் அடைபட்ட காற்றும் விமானத்தில் அப்படித்தான் உப்பும். தையல் ஆறாத குடல் அதைத் தாங்காது. எலும்பு முறிவுக்குப் புதிதாகப் போட்ட பிளாஸ்டருக்குள்ளும் இதே கதை. 48 மணித்தியாலம் ஆகாதிருந்தால் வைத்தியரிடம் கேட்டு அதைப் பிளந்து விடச் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம். ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இருந்தால் பறப்பது பற்றி வைத்தியர் தனியாக யோசிப்பார். "அது சும்மா களைப்புத்தான்" என்று மறைக்காதீர்கள்.

சொன்னால் ஏற்ற மாட்டார்களே?

சில நேரம் ஏற்றமாட்டார்கள், உண்மைதான். காய்ச்சலோடு நடுங்குபவரைக் கதவிலேயே நிறுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் முன்பே சொன்னவருக்கு முன்வரிசை இருக்கையும் சக்கர நாற்காலியும் கிடைத்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலி இலவசம். இரண்டு நாளுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் விழுந்துவிட்டார். நான் என்ன செய்யலாம்?

மணியை அழுத்துங்கள், கத்திக் கூப்பிட்டாலும் தப்பில்லை. நீங்கள் எழுந்து இடம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மயங்கியவரின் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு என்றால் கையில் இரும்பைத் திணிக்கவும் வாயில் துணியைத் திணிக்கவும் வேண்டாம். தலை இடிபடாமல் தலையணையை வைத்து, நேரத்தைப் பாருங்கள். மூச்சே இல்லையென்றால் நாங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குவோம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும் வேலை அது. பலசாலிகள் யாராவது மாற்றி மாற்றிச் செய்யலாமா என்று கேட்டால் கை உயர்த்துங்கள். படம் பிடிக்கத் தொலைபேசியை உயர்த்தாதீர்கள்.

யாராவது இறந்துவிட்டால்?

அரிது, ஆனால் நடக்கும். இறந்தார் என்று சொல்லும் அதிகாரம் வைத்தியருக்குத்தான்; நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டோம். முப்பது நிமிடத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தியும் உயிர்க்குறி எதுவும் இல்லையென்றால் நிறுத்தலாம் என்பது சர்வதேச வழிகாட்டல். பிறகு உடலைக் காலியான வரிசையில் கிடத்தி, கழுத்து வரை போர்த்தி, பட்டியைப் போடுவோம். முகத்தை மூடாமல் விடுவது, கூட வந்தவர்கள் பார்ப்பதற்காக.

விமானம் இறங்கும்போது குழந்தை காது வலித்து அழும் என்கிறார்களே?

ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் பஸ்ஸில் காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் "டப்" என்று திறக்குமே, அதேதான். இறங்கும்போது பால் கொடுங்கள் அல்லது சூப்பியைக் கொடுங்கள். பிள்ளை தூங்கினால் தரையிறங்க அரை மணித்தியாலத்துக்கு முன்பே எழுப்பிவிடுங்கள். எழுப்பியதற்காக அழுதால் அழட்டும், அழுகையிலும் காது திறக்கும்.